சுருட்டை திரும்பிய வருஷம்

முடியை நேராக்கிய பிறகு மூன்று நாள் தலை நனையக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது, ரப்பர் பேண்டு போடக் கூடாது, கிளிப் குத்தக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கக் கூடாது. பார்லரில் இதையெல்லாம் ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள். தாராவியில் ஒரே அறையில் எல்லோரும் படுத்து எழும் வீட்டில், அதுவும் ஜூலை மாத மழையில், இதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று அந்த அட்டையில் இருக்காது. முதல் தடவை நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். கூரைத் தகரம் ஒரு மூலையில் ஒழுகும். அம்மா என் தலைக்கு மேலே குடையை விரித்து, துணி காயப்போடும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "சிரிக்காதக்கா. ஒரு மாசச் சம்பளத்த தலையில கொட்டிட்டு வந்திருக்கா" என்றாள் அம்மா.

அப்போது எனக்கு இருபது வயது. செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. முடியை மட்டும் கொஞ்சம் ஒழுங்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் தினமும் அரை மணி நேரம் எண்ணெய் வைத்துப் படியச் சீவி, இறுக்கிப் பின்னிக்கொண்டுதான் கிளம்புவேன். சயானில் பஸ் ஏறுவதற்குள் நெற்றிக்கு மேலே நாலு பக்கமும் கிளம்பியிருக்கும்.

எனக்குப் பிறவிச் சுருட்டை. அலையலையாக விழுகிற சுருட்டை இல்லை. இறுகிச் சுருண்ட முடி. நனைந்தால் இடுப்புக்கு வரும், காய்ந்தால் தோளுக்கு மேலே ஏறி நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்குப் போர்டு தெரியவில்லை என்று என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள். வீட்டில் அம்மா சீப்பை எடுத்தாலே சண்டைதான். சுருட்டை முடிக்காரிக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், சொல்லாதவர்கள் கிடையாது. எனக்குக் கோபம் ஜாஸ்திதான். முடி நேரான பிறகும் அது குறையவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பார்லர் மாட்டுங்காவில் ஒரு மாடியில் இருந்தது. மணிப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்தான் பத்து வருஷமும் எனக்குச் செய்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. இரண்டு பேரும் பம்பாய் இந்தியில் சமாளித்தோம். முதலில் ஒரு கிரீம். அழுகின முட்டை வாடை அடிக்கும். அதைப் பகுதி பகுதியாகப் பூசி, ஊறவைத்து, அலசி, இஸ்திரி மாதிரி ஒரு சூட்டுக் கட்டையால் இழுப்பாள். புகை வரும். கண் எரியும். பிறகு இரண்டாவது கிரீம், இரண்டாவது அலசல். ஐந்து மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். வேரில் சுருட்டை முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் எட்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும். இப்படிப் பத்து வருஷம். கல்யாணத்துக்கு என்று எடுத்த போட்டோ எல்லாம் அந்த வேறொருத்தியுடையது. அவளையும் யாரும் கட்டிக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

நிறுத்தியதற்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. கடைசியாகப் போன அன்று அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். கிரீம் என் தலையில் கூடுதல் நேரம் இருந்துவிட்டது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கொப்புளம். ஒரு வாரம் தலையணையில் தலையை வைக்க முடியவில்லை. அவள் பாவம், நாலு தடவை சாரி சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. காசு கொடுத்துக் கொப்புளம் வாங்கிக்கொள்ளும் என் மேல்தான் ஆத்திரமாக வந்தது. இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான் கதை.

முடிவு செய்வது சுலபம். பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வேரிலிருந்து சுருட்டை வளர, அதன் நுனியில் பழைய நேர்முடி தொங்கியது. மேலே நுரை மாதிரி, கீழே துடைப்பம் மாதிரி. இரண்டும் சேருகிற இடத்தில் முடி பலமில்லாமல் இருக்கும். சீப்பு பட்டால் அங்கேதான் அறும். கிளினிக்குக்கு வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் என் தலையைப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஒரு குஜராத்தி அம்மாள் முருங்கைக்கீரையைச் சாப்பிடச் சொன்னாள். அம்மா தினமும் ஒரு தடவை "ஏட்டி, எப்ப பார்லருக்குப் போற?" என்று கேட்டாள். போவதில்லை என்றதும், "பொண்ணு பாக்க யாராவது வந்தா இந்தத் தலையோட நிப்பியா?" என்றாள். "ஆமா, நிப்பேன்" என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை.

வீட்டில் என் பக்கம் நின்றது அண்ணன் மனைவி, என் மதினி ஒருத்திதான். அண்ணன் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறான். மதினி வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாள். நான் செல்போனில் வீடியோ பார்த்து, சுருட்டை முடிக்குப் பருத்தித் தலையணை ஆகாது, சாட்டின் உறை வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னதும், மிச்சமாகிக் கிடந்த லைனிங் துணியில் ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். மூன்று நிறத் துண்டுகள் ஒட்டின உறை. ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வழுவழுப்பாக வடிகட்டித் தலைக்குப் பூசினால் சுருட்டை அடங்கும் என்றேன். அம்மா அதைக் கஞ்சி என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். மதினி அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. அவள் சிரிப்பது குறைவு.

குறைவாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. சயான் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மூன்று வருஷமாகச் சிகிச்சை. ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நாள் தொப்புளைச் சுற்றி ஊசி, நடுநடுவே ஸ்கேன், பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு, பிறகு ஒன்றுமில்லை. இப்படி நாலு சுற்று முடிந்திருந்தது. ஊசி போடும் நாட்களில் அவளுக்கு முகம் வீங்கும், தலை சுற்றும், மெஷினில் உட்கார முடியாது. சாலில் பாதிப் பேர் தமிழ்நாட்டில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது "இந்த மாசம் தள்ளிப் போயிருக்கா?" என்று சத்தமாகக் கேட்பார்கள்.

தலையணை உறை தைத்த அன்று, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மதினி சொன்னாள்: "இனிமே நான் அங்க போகப்போறதில்ல. ஒங்க அண்ணங்கிட்ட இன்னும் சொல்லல. மாட்டுங்காவுல அந்த பிளவுஸ் கடையில கட்டிங்குக்கு வரச் சொல்லிக்கிட்டே இருக்காவ. அடுத்த மாசம் போயிருவேன்."

"போங்க மைனி" என்றேன்.

"ஒனக்கு மட்டும்தான் சொல்லிருக்கேன். வாயைத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. பதிலுக்கு என் திட்டத்தையும் அவளிடம் சொல்லியிருந்தேன். நேர்முடியை உடனே வெட்ட மாட்டேன், சுருட்டை முதுகு வரைக்கும் வளரட்டும், இரண்டு வருஷமானாலும் பொறுமையாக இருந்து, கீழே மிச்சமிருக்கும் வாலை மட்டும் கத்தரிப்பேன் என்று. பொறுமையாக என்று நான் சொன்னதை அவள் நம்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டுத் தலையைக் கோதினேன். கை நிறைய வந்தது. எல்லாமே அந்தச் சேருமிடத்தில் அறுந்தவை. வேரில் சுருட்டை நன்றாக இருந்தது. கீழே செத்த முடி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பொறுமையெல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மாட்டுங்கா பார்லருக்குப் போனேன்.

அந்த மணிப்பூர்ப் பெண் வழக்கம்போல் முடியை நேராக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து டவலை எடுத்தாள். நான் கையால் அளவைக் காட்டினேன். "பக்கா?" என்றாள். பக்கா என்றேன். போர்வையைச் சுற்றிவிட்டு மறுபடி "பக்கா?" கத்தரியை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவை. அதன் பிறகு கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் பத்து வருஷத்தைக் கூட்டி முறத்தில் அள்ளிவிட்டார்கள். இழுத்தால் நாலு விரல், விட்டால் இரண்டு விரல். காது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் தெளித்து அவள் கையால் கசக்கிவிட்டதும் முடி தானாகவே சுருண்டு உட்கார்ந்தது. பின்கழுத்தில் ஃபேன் காற்று பட்டது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வரும் வழி முழுக்க வீட்டில் போடப்போகும் சண்டைக்குத் தயாரானேன். என் தலை, என் முடி, என் சம்பளம் என்று மூன்று வாக்கியம் தேற்றி வைத்திருந்தேன். சந்தின் முனையில் எதிர்வீட்டுப் பெரியம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த சட்டியை அப்படியே கீழே வைத்தாள். நான் முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முகம் மாறி, குரல் தழைந்துவிட்டது.

"ஏட்டி, முடி எறக்கிட்டியா? நேந்துகிட்டியா? ஒங்க மைனிக்காவாட்டி?"

எங்கள் ஆட்களுக்கு ஒரு பெண் தலைமுடியை இப்படி எடுப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்டு கொடுப்பது. தனக்காகக் கொடுக்கலாம், வீட்டில் இன்னொருத்திக்காகவும் கொடுக்கலாம். மொட்டை அடிக்க முடியாத வேலையில் இருப்பவள் இந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறாள் என்று பெரியம்மா தானே கணக்குப் போட்டுக்கொண்டாள். எனக்கு வெயில், பசி. மூன்று வாக்கியமும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. "ம்" என்றேன்.

நான் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அழுதாள். "இந்தப் பிடிவாதக்காரிக்குள்ள இப்படி ஒரு மனசு இருந்திருக்கு பாரேன்" என்று பெரியம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சீப்பு வழியாகத் தொட்டதைக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த நேரத்தில் 'இல்லைம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு வேண்டியிருந்தது. உண்மைக் காரணம் அதுதான், வேறு எதைச் சொன்னாலும் சப்பைக்கட்டு.

"முடிய கோயில் உண்டியல்லதான போட்ட?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமா" என்றேன். இப்போது இது முழுப் பொய்.

மதினி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் வளர்க்கப்போவதாக நான் சொன்ன முடி அது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆசையாக வளர்த்ததை அவளுக்காக வெட்டிக் கொடுத்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் நம்பியதைவிட அவள் நம்பியதுதான் பலமாக இருந்தது.

மறுநாள் காலை நான் டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "கடைக்கு வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள்.

"ஏன் மைனி?"

"நீ தலையையே குடுத்துட்டு வந்து நிக்க. நான் இன்னும் பத்து ஊசி போட்டுக்கிட மாட்டேனா?"

அப்போதும் நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சாயங்காலம் அம்மா எனக்கென்று மீன் வறுத்து வைத்திருந்தாள். அண்ணன் அதுவரை என்னிடம் காட்டாத மரியாதையோடு செல்போன் சார்ஜரை என் பக்கம் தள்ளிவிட்டான். இப்படி இரண்டு வாரம். எனக்கு வாய் நீளம் என்று சொல்பவர்கள் அந்த இரண்டு வாரம் என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

இதில் வெட்கமான விஷயம், அந்த நாட்களில் முடி மிக நன்றாக இருந்தது. காலையில் தண்ணீர் தெளித்து, ஆளிவிதைக் கஞ்சியைப் பூசி, டவலுக்குப் பதில் பழைய பனியனால் ஒற்றி எடுத்தால் போதும், ஐந்து நிமிஷம். டாக்டரம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இது உனக்குப் பொருந்துகிறதே" என்றார். கண்ணாடியில் இருந்தது நான்தான். சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது சயான் வந்ததும் அது போய்விடும்.

மதினிக்கு ஊசி ஆரம்பித்தார்கள். என் வேலை பத்து மணிக்குத்தான் என்பதால் காலையில் நானே கூடப் போனேன். ஆறாவது நாள், ஊசி போடும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். மதினி சேலையைச் சற்று விலக்கி வயிற்றைத் தடவிக்கொண்டாள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"மைனி, நான் நேந்துகிட்டு முடி வெட்டலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பின்ன?"

"முடி அந்துபோச்சு. கோவம் வந்துச்சு. பார்லருக்குப் போயி வெட்டிட்டேன்."

"பெரியம்மாட்ட ஆமான்னு சொன்னியாம்லா."

"ம்முன்னு சொன்னேன். சண்டை போடத் தெம்பில்லாம சொன்னேன். பொறவு அம்மா அழுதா. நீங்க கடைய விட்டிய. எப்படிச் சொல்லன்னு தெரியல."

சுற்றிலும் இந்தியும் மராட்டியும் பேசுகிறவர்கள். அதனால் குரலைத் தணிக்கத் தேவையில்லை. ஆனாலும் மதினி மெதுவாகத்தான் பேசினாள். "அஞ்சு ஊசி போட்ருக்கேன்ட்டி. மொத நாளே சொல்ல ஒனக்கு வாயில்லையா?"

"பயமா இருந்துச்சு."

"ஒனக்கா பயம்?"

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நர்ஸ் அவள் நம்பரைக் கூப்பிட்டாள். மதினி எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பிறகு அடுத்தவள் உள்ளே போனாள். மதினி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்திரி, போவோம்" என்றாள்.

படியில் இறங்கும்போது சொன்னாள்: "வீட்டுல மூச்சு விடாத. நேந்துகிட்டது நேந்துகிட்டதாவே இருக்கட்டும். சாமி குடுக்கலைன்னா என்னைய யாரும் கேக்க மாட்டாவ. நான் வேண்டாம்னேன்னு தெரிஞ்சா உரிச்சிருவாவ."

மீதி நாலு நாளும் அதே நேரத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். மாட்டுங்காவில் இட்லி தின்றோம். முதல் இரண்டு நாள் அவள் பிளவுஸ் கடையை எட்டத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாவது நாள் உள்ளே போனாள். அரை மணி நேரத்தில் வெளியே வந்தபோது விரலில் துணியில் குறி போடும் சாக்பீஸ் தூள் இருந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் எதிர்பார்த்தது நடந்தது. மதினி தலைக்குக் குளித்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் புரிந்துகொண்டாள். அன்று மத்தியானம் பெரியம்மாவோடு உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கும் வந்துவிட்டாள். குற்றம் என் தலையில்தான் இருந்தது. அரைகுறையாகக் கொடுத்தது தப்பு; கொடுத்த பிறகு மிச்சத்தைச் சுருட்டிச் சிங்காரித்துக்கொண்டு திரிந்தது அதைவிடத் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டில் இருந்தோம். சாப்பாடு முடிந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஊருக்குப் போயி கோயில்ல முழுசா எடுத்துட்டு வந்துருவோம். நானும் வாரேன். வந்ததும் ஒங்க மைனி அடுத்த ஊசிய ஆரம்பிக்கட்டும்." அண்ணனிடம் டிக்கெட் பார்க்கச் சொன்னாள். அவன் உடனே செல்போனை எடுத்தான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பத்து வருஷம் பொசுக்கி, ஏழு மாதம் கோமாளி மாதிரித் திரிந்து, இப்போதுதான் ஒரு தலை கிடைத்திருக்கிறது. அதையும் வழித்துக் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்தால் மதினியின் குட்டு உடையும். மதினியைப் பார்த்தேன். அவள் ஒரு பிளவுஸுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. நான் செய்த வேலைக்கு இது நியாயமான கூலிதான் என்று பட்டது.

"சரி, போடச் சொல்லு" என்றேன்.

"எந்தத் தேதிக்கு?" என்றான் அண்ணன்.

"டிக்கெட்டு போடாதிய" என்றாள் மதினி.

அண்ணன் நிமிர்ந்தான். மதினி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பிளவுஸை மடியில் வைத்தாள். "அவ யாருக்கும் நேந்துகிடலை அத்தை. அவ முடி, அவ வெட்டிக்கிட்டா. நேந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஊசிய நான் அஞ்சோட நிப்பாட்டிட்டேன். இனிமே போடப்போறதில்ல. பிள்ளை இல்லைன்னா இல்லை. ஒண்ணாந்தேதிலருந்து மாட்டுங்காவுக்கு வேலைக்குப் போறேன்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "உண்டியல்ல போட்டேன்னியேட்டி."

"போடலைம்மா."

"பின்ன எங்க?"

"பார்லர்ல கூட்டித் தள்ளிட்டாவ."

அம்மா எழுந்து, காயப்போட்டிருந்த துணியை எடுப்பது போல வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளிடம் போக வேண்டும் போல இருந்தது. போகவில்லை. அந்த மாதிரி அவள் இனி என் தலையைப் பிடிக்க மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அழுகை வந்தது.

அண்ணன் செல்போனைக் கவிழ்த்து வைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "மூணு வருசமா கூட வந்துருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்றான்.

"நீங்க எங்க கேட்டிய?" என்றாள் மதினி. "அடுத்த ஊசி எப்பன்னுதான் கேட்டிய. வேணுமான்னு ஒரு நாளும் கேக்கலையே."

நானும் ஒருநாளும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த அன்று அவளாகத்தான் சொன்னாள்.